பாதியாய் உடைத்த மாத்திரை

“இங்கே வருவதற்கு முன்னால் ஏதாவது மருந்து சாப்பிட்டீர்களா?” என்று கேட்கிறீர்கள். “இல்லை” என்கிறார்கள். கணினியில் “இல்லை” என்று தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறீர்கள். அதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

முழங்கால் அறுவைக்காக அண்மையில் நான் உங்கள் வார்டில் படுத்திருந்தேன் அல்லவா, அப்போது பார்த்ததைத்தான் சொல்கிறேன். எதிர்க்கட்டில் அம்மாவிடம் ஓர் இளம் தாதி இந்தக் கேள்வியைக் கேட்டபோது, பக்கத்தில் நின்ற மகள் தன் கைப்பையைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். நான் பார்த்தேன். கேள்வி கேட்ட பிள்ளை பார்க்கவில்லை, அவள் கண் திரையில் இருந்தது. கத்தலாமா என்று யோசித்தேன். நோயாளி கத்தினால் தூக்க ஊசி போட்டுவிடுவீர்களோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். அதனால்தான், புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் தலைமைத் தாதி கேட்டதும் உடனே சரி என்றேன். அவர் எதிர்பார்த்தது சேவை, தியாகம், புன்னகை என்று போகும் ஒரு கட்டுரையாக இருக்கும். பாவம், அவருக்கு இதுதான் கிடைத்திருக்கிறது.

என்னை அறியாதவர்களுக்காக: நான் பல வருடம் பொது வார்டில் இருந்துவிட்டு, ஓய்வு பெறும்வரை தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்தேன். நான் நடைபாதையில் வருவதைப் பார்த்தாலே டாக்டர்கள் அவசர அவசரமாகக் கை கழுவப் போவார்கள். யாருக்கு என்ன கிருமி, அது எங்கிருந்து வந்தது, யாரைத் தனி அறைக்கு மாற்றுவது என்று பார்ப்பது என் வேலை. அதோடு இன்னொரு வேலையும் உண்டு. மற்ற மருந்தெல்லாம் தோற்றால் மட்டும் எடுக்க வேண்டும் என்று ஒதுக்கி வைத்திருக்கும் கடைசி ஆன்டிபயாட்டிக் மருந்துகளை யாராவது சும்மா எழுதினால், போய்ச் சண்டை பிடிப்பேன். “காரணம் சொல்லுங்கள் டாக்டர்” என்று எத்தனை டாக்டர்களைக் கேட்டிருப்பேனோ தெரியாது. பலருக்கு நான் பிடிக்காத ஆள்தான்.

ஏன் அந்தச் சண்டை என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். கோழியோடும் முட்டையோடும் நம் வயிற்றுக்கு வரும் கிருமிகள் இருக்கின்றனவே, அவை முன்பெல்லாம் சாதாரண மருந்துக்கே அடங்கிவிடும். இப்போது மசிய மாட்டேன் என்கின்றன. மசியாதுதான். எங்கோ ஒரு பண்ணையில் கோழிக்கு நோய் வருவதற்கு முன்பே தீவனத்தில் மருந்தைக் கலந்து போடுகிறார்கள். இங்கே சளி பிடித்தவர் கேட்டார் என்று டாக்டர் எழுதிக் கொடுக்கிறார். வீட்டில் மிச்சமானதை அடுத்தவருக்குக் கொடுக்கிறோம். எல்லோரும் சேர்ந்து அந்தக் கிருமிக்குக் காசு வாங்காமல் டியூஷன் எடுத்துக்கொண்டிருக்கிறோம். அது தேர்வில் பாஸாகிவிட்டதே என்று அப்புறம் ஆஸ்பத்திரியில் வந்து அழுகிறோம்.

சரி, கதைக்கு வருகிறேன். இரண்டு கதை. முதலாவது சிறியது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் வார்டுக்குப் பொறுப்பாக ஒரு மூத்த தாதி இருந்தார். சிடுமூஞ்சி. காலை வணக்கம் சொன்னால்கூட, அதில் என்ன குறை என்று பார்க்கிற ஆள். அப்போது கப்பல் பட்டறையில் வேலை பார்த்த ஊழியர் ஒருவர் வாந்தி பேதியோடு வந்து சேர்ந்தார். எங்கே சாப்பிட்டீர்கள் என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். தங்கும் விடுதியில் மட்டும்தான் என்று சாதித்தார். விடுதியில் வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை. இந்த ஆள் பொய் சொல்கிறார் என்று நான் போய்ப் புகார் சொன்னேன். மூத்த தாதி தலையைத் தூக்காமலே, “பொய் சொல்லல. யாரையோ காப்பாத்துறான். யாரைன்னு பாரு” என்றார். பிறகு தெரிந்தது. கூடப் படித்த நண்பர் ஒருவர் அனுமதி இல்லாமல் தன் அறையிலேயே சமைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவுக்கு வருபவர்களுக்கு மீன் குழம்பும் சோறும் கொடுத்துவந்தார். அது வெளியே தெரிந்தால் நண்பரின் வேலை போய்விடும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பயந்து இவர் தன் உயிரையே பணயம் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். எனக்கு அந்த ஊழியர் மேல் வந்த கோபத்தைவிட, ஒரே வாக்கியத்தில் விஷயத்தைப் பிடித்துவிட்டாரே என்று அந்த மூத்த தாதியின் மேல்தான் எரிச்சல் அதிகம் வந்தது.

அந்த ஒரு வாக்கியம் பல வருடம் கழித்து எனக்குக் கைகொடுத்தது. அதுதான் இரண்டாவது கதை.

அந்தப் பெண்ணை வாணி என்று வைத்துக்கொள்வோம். இங்கே பிறந்து வளர்ந்தவள், பெற்றோர் வீடு புக்கிட் பாஞ்சாங்கில். கணவர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த பொறியாளர், இருவரும் குவீன்ஸ்டவுனில் குடியிருந்தார்கள். ஏழாம் மாதம். வளைகாப்புக்காக மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார். புக்கிட் பாஞ்சாங்கில் அவர்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே பந்தல் போட்டு, ஐந்து வகைச் சாதத்தோடு விருந்து. முடிந்ததும் வழக்கப்படி பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். கணவர் மறுநாளே வேலை விஷயமாக ஜப்பான் போய்விட்டார். அந்த வாரம் முடிவதற்குள் பெண் காய்ச்சலோடு எங்களிடம் வந்துவிட்டாள்.

நான் அவளைப் பார்க்கப் போனபோது முதலில் கண்ணில் பட்டவை அந்த வளையல்கள். கண்ணாடி வளையல்கள், இரண்டு கையிலும் முழங்கைக்குப் பாதித் தூரம்வரை. ஊசி குத்த இடமில்லாமல் வார்டுத் தாதி தவித்தாள். பிரசவத்துக்கு முன்னால் கழற்றக் கூடாது என்று இரண்டு அம்மாக்களும் ஒரே குரலில் சொல்லியிருந்தார்கள். அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான் என்று பின்னால் தெரிந்தது. கட்டிலின் இந்தப் பக்கம் பெண்ணின் அம்மா, அந்தப் பக்கம் மாமியார். இருவரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஒருவர் போனால் மற்றவர் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று காவல் காப்பதுபோல் எனக்குப் பட்டது.

நிலைமை நன்றாக இல்லை. வயிற்றுக் கிருமி இரத்தத்தில் கலந்திருக்கிறது என்று ஆய்வுக்கூடத்திலிருந்து முதல் தகவல் வந்திருந்தது. வழக்கமாகக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்கை ஊசி வழியாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. குழந்தையின் இதயம் வேகமாக அடிக்க ஆரம்பித்திருந்தது. எந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்கும் என்ற முழு முடிவு மறுநாள் பிற்பகலில்தான் வரும். அதுவரை கொடுத்துக்கொண்டிருந்த மருந்திலேயே இருப்பதா, ஒதுக்கி வைத்திருக்கும் மருந்துக்குப் போவதா? பொறுப்பிலிருந்த இளம் டாக்டர் என்னிடம் சொன்னார்: இவள் முன்னால் ஏதாவது ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டும் கேட்காமல் வந்திருந்தால், கிருமி மசியாத வகை என்று சந்தேகப்படலாம், உடனே மாற்றலாம். ஆனால் ஒன்றும் சாப்பிடவில்லை என்று பதிவாகியிருக்கிறது. ஆகவே நாளைவரை பொறுப்போம்.

யார் அப்படிப் பதிந்தது? உங்களைப் போல ஒரு பிள்ளைதான். கேட்டாள், இல்லை என்றார்கள், தட்டினாள்.

நான் போய்த் தமிழில் கேட்டேன். பெண்ணின் அம்மா முந்திக்கொண்டார். தன் வீட்டில் மருந்து மாத்திரை என்ற பழக்கமே கிடையாது, எல்லாம் அந்தக் கேட்டரிங்காரன் செய்த வேலை, அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். விருந்துக்கு வந்தவர்களில் வேறு யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். இல்லை. அத்தனை பேர் சாப்பிட்டு ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, உங்கள் மகளுக்கு மட்டும் எப்படி அம்மா வந்தது என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். மாமியாரைக் கேட்டேன். அவர், “சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் சிஸ்டர்” என்றார். எவ்வளவு பெருந்தன்மை பாருங்கள். சொல்லாமலே எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது. பெண் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தூங்கவில்லை, இமை அசைந்தது.

கோபத்தோடு வெளியே வந்தேன். நடைபாதையில் பெண்ணின் அப்பா நின்றார். நின்றார் என்று சொல்வது தப்பு. கழிவறைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் போனார். திரும்பி வந்தவரை மறித்து, உங்களுக்கும் அதேதானே என்றேன். சுற்றிலும் பார்த்துவிட்டு, “சத்தம் போடாதீங்க மிஸ்ஸி. வீட்டுல தெரிஞ்சா சண்டையாயிரும் லா” என்றார்.

அவரிடமிருந்து கதையின் ஒரு பாதி கிடைத்தது. விருந்தில் மிஞ்சிய தயிர்சாதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறார்கள். மறுநாள் இரவு சம்பந்தி அம்மாவை விருந்துக்கு அழைத்திருந்தபடியால், பிரியாணிக்கு உறைந்த கோழியை எடுத்து மேல்தட்டில் இளக வைத்திருக்கிறார்கள். ஃபிரிட்ஜில் இடமில்லை, தயிர்சாதப் பாத்திரம் நேர் கீழே, மூடி சரியாகப் பொருந்தவில்லை. காலையில் பார்த்தால் கோழித் தண்ணீர் சொட்டி மூடியெல்லாம் ஈரம். அம்மா மூடியைத் துடைத்திருக்கிறார். மேலாக இருந்த சாதத்தை வழித்துப் போட்டிருக்கிறார். மிச்சத்தை அப்பாவும் மகளும் காலையில் சாப்பிட்டிருக்கிறார்கள். வேறு சாதமாக இருந்தால் சுட வைத்திருப்பார்கள், கிருமி செத்திருக்கும். தயிர்சாதத்தை யார் சுட வைப்பார்கள்? அம்மாவுக்குத் தயிர் ஆகாது, அதனால் அவர் தப்பித்தார்.

இதைச் சொல்வதில் என்ன கஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். பெண் வீட்டு விருந்தில் பிள்ளைத்தாய்ச்சிக்கு விஷமாகிவிட்டது என்ற பேர் சம்பந்திக்கு முன்னால் வந்துவிடக் கூடாது. அவ்வளவுதான். கேட்டரிங்காரர் பிழைப்பு போனாலும் பரவாயில்லை.

இது ஒரு வீடு காப்பாற்றிக்கொண்டிருந்த மானம். அப்படியானால் மற்ற வீடு எதைக் காப்பாற்றுகிறது? எனக்கு அந்தச் சிடுமூஞ்சித் தாதியின் வாக்கியம் நினைவுக்கு வந்தது. மறுபடியும் உள்ளே போனேன். பரிசோதனை இருக்கிறது, எல்லோரும் வெளியே போங்கள் என்றேன். இரண்டு அம்மாக்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஒரே நேரத்தில் எழுந்தார்கள். திரைச்சீலையை இழுத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருவரும் அடுத்த பக்கத்திலேயே நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், சேலையின் கீழ்க்கரை தெரிந்தது.

மெதுவாகக் கேட்டேன். வாணி கண்ணைத் திறந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

“நான் எதைச் சொன்னாலும் ஒரு வீட்டுக்குக் கெட்ட பேர் சிஸ்டர். அப்புறம் ரெண்டு வீட்லயும் நான்தான் இருக்கணும்.”

என் வேலையில் எத்தனையோ முட்டாள்தனத்தைப் பார்த்திருக்கிறேன், எல்லாவற்றுக்கும் எரிந்து விழுந்திருக்கிறேன். அந்த நிமிடம் அவள்மேல் கோபமே வரவில்லை. வயிற்றில் ஒரு பிள்ளை, இரத்தத்தில் ஒரு கிருமி, அத்தனைக்கும் நடுவில் அவள் இரண்டு வீட்டு மரியாதையையும் சுமந்துகொண்டு படுத்திருந்தாள்.

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நான் ஊகிக்கிறேன், தலையை மட்டும் ஆட்டுங்க. வெளியே கேட்டா சிஸ்டராவே கண்டுபிடிச்சிட்டாங்கன்னு இருக்கட்டும்” என்றேன்.

ஊரிலிருந்து வந்த மாத்திரையா என்று கேட்டேன். தலை அசைந்தது. ஆன்டிபயாட்டிக் மாத்திரை, பார்க்க வந்தபோது அத்தை கொடுத்ததா? அசைந்தது. வயிற்று வலி வந்த அன்றைக்கே தொடங்கியதா? ஆமாம். காய்ச்சல் விட்டதா? கையை லேசாக ஆட்டினாள், கொஞ்சம் விட்டுத் திரும்பி வந்ததாம். அம்மாவுக்குத் தெரியுமா? தெரியாது. கடைசியாக, ஒவ்வொரு வேளையும் முழு மாத்திரையா என்று கேட்டேன். அவள் இல்லை என்று தலையாட்டிவிட்டு, இரண்டு கை விரல்களையும் மார்புக்கு நேரே கொண்டுவந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு மாத்திரையைப் பாதியாக உடைத்துக் காட்டினாள். வளையல்கள் அத்தனையும் குலுங்கின. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் சேலைக் கரை அசைந்தது.

பாதி மாத்திரை. இதை நீங்கள் எந்தப் பாடப் புத்தகத்திலும் படித்திருக்க மாட்டீர்கள். பலவீனமான கிருமியைக் கொன்று, பலமான கிருமிக்கு இடத்தைக் காலி செய்து கொடுக்க இதைவிட நல்ல வழி கிடையாது. அதையும் அவ்வளவு பாசமாகச் செய்திருக்கிறார்கள்.

டாக்டரிடம் ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன், குடும்பத்துக்கு முன்னால் அவள் சொன்னதாகப் பேசக் கூடாது என்றும் சொன்னேன். அவர் தயங்கினார். பாதி மாத்திரையைச் சில நாள் சாப்பிட்டதை வைத்து என்ன சொல்ல முடியும், சரியான அளவு கொடுக்காததால்கூடக் கேட்காமல் போயிருக்கலாமே என்றார். அவர் சொன்னது நியாயம். பிறகு கொஞ்சம் கேலியாக, அந்த மருந்தை எழுதினால் வழக்கமாக நீங்கள்தானே சண்டைக்கு வருவீர்கள் என்றார். அதுவும் நியாயம்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஆஸ்பத்திரி விதிமுறை என் பக்கம்தான் இருந்தது. நாளைவரை பொறுங்கள் என்று நானும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க முடியாது. நான் வாதாடிக் கொடுக்க வைத்து, நாளை முடிவு வேறு மாதிரி வந்தால், கடைசி மருந்தை வீணாக எடுத்துக் கொடுத்தவள் நான் என்று ஆகிவிடும். அப்புறம் எந்த டாக்டர் முன்னால் போய்க் காரணம் கேட்பேன்? ஆனால் மாத்திரை சாப்பிட்டிருக்கிறாள், கேட்கவில்லை. ஊசி போட்டாயிற்று, கேட்கவில்லை. குழந்தையின் இதயம் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நாளைவரை பொறுக்க எனக்கு மனம் இடம் கொடுக்கவில்லை. “இத்தனை வருஷமா இந்த மருந்தைக் கொடுக்காதீங்கன்னு சண்டை போட்டது இப்படி ஒருத்தி வரும்போது அது வேலை செய்யணும்னுதான் டாக்டர். அவ வந்துட்டா” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தன் மேலதிகாரியை அழைத்துப் பேசினார். நான் அங்கேயே நின்றேன். மருந்து மாறியது.

மறுநாள் பிற்பகல்வரை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆய்வுக்கூட முடிவு வந்தது. சாதாரண மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்றிருந்தன. நாங்கள் முந்திய நாள் நிறுத்திய ஊசி மருந்தும் அதில் ஒன்று. புதிதாகத் தொடங்கிய மருந்துக்கு மட்டும் கிருமி அடங்கியது. அப்பாவுக்கும் மலப் பரிசோதனை செய்யச் சொல்லியிருந்தேன்; சில நாளில் வந்த அந்த முடிவிலும் அதே கிருமி, அதே பிடிவாதம். அவர் ஒரு மருந்தும் சாப்பிடாமல் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடந்ததில் தானாகவே சரியாகிவிட்டார். நல்ல உடம்பு உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் அது போதும். வாணிக்கும் மெல்லக் காய்ச்சல் இறங்கியது. குழந்தையின் இதயம் சீரானது. கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன்.

வெளியே வந்தால் நடைபாதையில் அம்மாக்கள் இருவரும் சண்டை. எப்படியோ விஷயம் கசிந்துவிட்டது. உங்கள் கோழிதான் என்று ஒருவர், உங்கள் மாத்திரைதான் என்று மற்றவர். மாமியார் என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார். “நான் என்ன விஷமா குடுத்தேன் சிஸ்டர்? முழு மாத்திரை புள்ளத்தாச்சிக்குச் சூடுன்னுதானே பாதியா உடைச்சுக் குடுத்தேன். மோர்கூடக் குடிக்கச் சொன்னேனே.” அவர் கண்ணில் தண்ணீர். அவர் நடிக்கவில்லை. மருமகள்மேல் உண்மையான பாசம். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

தப்பு யாருடையது என்று இருவரும் என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். கோழியில் வந்தபோதே கிருமி மசியாததாகத்தான் இருந்திருக்க வேண்டும், அப்பாவிடமும் அதேதான் இருந்தது. பாதி மாத்திரை அதற்குப் பாதையைச் சுத்தம் செய்து கொடுத்தது. எது எவ்வளவு கெடுத்தது என்று எந்த ஆய்வுக்கூடமும் பிரித்துச் சொல்லாது. இதையெல்லாம் விளக்க எனக்குப் பொறுமை இல்லை. “உங்க ரெண்டு பேர் மரியாதைக்கும் நடுவுல அந்தப் புள்ள வாயைத் தொறக்க முடியாம படுத்திருந்தா. அது தெரியுமா உங்களுக்கு?” என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. வார்டே திரும்பிப் பார்த்தது. இருவரும் போய் உட்கார்ந்தார்கள், இந்த முறை கட்டிலின் ஒரே பக்கத்தில்.

வாணி நல்லபடியாக வீட்டுக்குப் போனாள். உரிய காலத்தில் பெண் குழந்தை பிறந்தது என்று கேள்விப்பட்டேன். இதோடு முடித்திருந்தால் உங்கள் தலைமைத் தாதிக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கும்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிராங்கூன் சாலையில் பூ வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். வாணியும் மாமியாரும், தள்ளுவண்டியில் குழந்தை. மாமியார் மறுபடியும் ஊரிலிருந்து வந்திருந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவில்லை. பேத்தியைத் தூக்கி என் கையில் கொடுத்தார். சம்பந்திகள் இப்போது உடன்பிறந்தவர்கள் மாதிரியாகிவிட்டார்களாம், சேர்ந்து கோயிலுக்குப் போகிறார்களாம், ஒருவருக்கொருவர் சமைத்து அனுப்புகிறார்களாம். கேட்கவே சந்தோஷமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து எனக்கு இருமல் வந்தது.

மாமியார் கைப்பையைத் திறந்து உள்ளே துழாவினார். எனக்கு விளங்கிவிட்டது. என் முகத்தைப் பார்த்து அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும், கையை மெல்ல வெளியே எடுத்தார். வெறும் கை.

வாணி குழந்தையை என்னிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அன்று கட்டிலில் தலையை மட்டும் ஆட்டியவள், நடுத்தெருவில் எல்லோருக்கும் கேட்கிற குரலில் கேட்டாள்.

“அத்தை, இந்தத் தடவையும் மாத்திரை கொண்டுவந்தீங்களா?”

“இல்லம்மா.”

“அத்தை.”

மாமியார் என்னைப் பார்த்தார், பூக்கடைக்காரரைப் பார்த்தார். பிறகு சொன்னார். “இப்ப எங்கிட்ட இல்ல. உங்கம்மாவுக்குத் தொண்டை வலின்னாங்க, அதான் அப்படியே அவங்ககிட்ட குடுத்துட்டேன்.”

இரண்டு வீடும் ஒற்றுமையானதன் பலன் அது. எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. இத்தனை பட்டும் இப்படியா என்று ஒரு சத்தம் போடத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் வாணி போனை எடுத்து அம்மாவை அழைத்துவிட்டாள். குழந்தை தோளில் இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள், எங்களுக்கும் கேட்டது.

“அம்மா, தொண்டைக்கு மாத்திரை ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?”

“இல்லையே” என்றது அந்தப் பக்கம்.

உங்களில் பெரும்பாலோர் அங்கே நிறுத்தியிருப்பீர்கள். அவள் நிறுத்தவில்லை.

“யாரையும் திட்ட மாட்டேன்மா. அத்தை இங்கதான் இருக்காங்க, சொல்லிட்டாங்க. எத்தனை சாப்பிட்டீங்க, முழுசா, பாதியா?”

வாணி அவசரப்படாமல், பதிலுக்குக் காத்து, குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள்.